நொச்சி சூடிய வீட்டுக்காரன்

போன ஐப்பசியில் அடைமழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொசு வளர்த்த குற்றத்துக்காக எனக்கு 200 ரூபாய் அபராதம் போட்டார்கள். எந்த மாநகராட்சி என்று சொல்லப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

சோதனைக்கு வந்தவர்கள் இரண்டு பெண்கள். கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் அபேட் மருந்து, ஒரு கரண்டி, ஒரு வெள்ளைக் கிண்ணம். வருமான வரிக்காரர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகத் தேட மாட்டார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தார்கள். மணிபிளான்ட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். கொல்லையில் கிடக்கும் பாட்டி காலத்து ஆட்டுக்கல் குழிக்குள் விரலை விட்டுத் தடவினார்கள். மொட்டை மாடிக்கு ஏறி சின்டெக்ஸ் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். என் மனைவி, ரேங்க் கார்டு வாங்கப் போன அம்மா மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

கடைசியாக வாசல் பக்கம் வந்தார்கள். அங்கே இருந்த நொச்சித் தொட்டிக்கு அடியில், தண்ணீர் வழியாமல் இருக்க வைத்த பிளாஸ்டிக் தட்டு. இளையவர் டார்ச் அடித்தார்.

"அக்கா, புழு."

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு விரற்கடைத் தண்ணீர்தான். அதில் பென்சில் முனையளவு உருப்படிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, வாலில் இருக்கும் மூச்சுக்குழலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு. என் நிழல் பட்டதும் சடாரென்று நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி ஒவ்வொன்றாக மேலே வந்தன. மூத்தவர் கரண்டியால் மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு எண்ணினார். ஒன்பது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இந்தச் செடியே நீங்க குடுத்ததுதானே? கொசு அண்டாதுன்னு சொல்லித்தானே வார்டுல மேடை போட்டுக் குடுத்தீங்க?"

"செடி குடுத்தது வேற செக்‌ஷன்கா. புழு பிடிக்கறதுதான் எங்க செக்‌ஷன்."

அர்த்தசாஸ்திரம் எழுதியவருக்கு இந்த ஒரு வாக்கியம் தட்டுப்படாமல் போயிற்று.

நான் மதிலுக்கு அப்பால் கையைக் காட்டினேன். எட்டடி தள்ளி மழைநீர் வடிகால். இரண்டு இடத்தில் சிலாப் உடைந்து வாயைப் பிளந்து கிடக்கிறது. உள்ளே கறுப்பாக, அசையாமல், மேலே ஆடை கட்டி நிற்கிறது தண்ணீர். "அதுல கரண்டியை விட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"அது எஞ்ஜினியரிங் சார். நாங்க வீடு மட்டும்தான்."

ரசீது எழுதிய பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "என் புள்ளைக்கே வந்துச்சு சார், டெங்கு. எட்டு நாள் பெரியாஸ்பத்திரியில கிடந்தோம். எட்டு நாள் கூலியும் போச்சு." தினக்கூலி. ஊர்க் கொசுவைப் பிடிக்கிறவருக்குக் கொசு கடித்தால் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. கோபத்தை மிச்சம் பிடித்து இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

நொச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழனுக்கு அது வெறும் செடி இல்லை, திணை. பகைவனின் கோட்டையை வளைத்து முற்றுகையிடுகிறவன் உழிஞைப் பூ சூடுவான். உள்ளே இருந்து மதிலைக் காக்கிறவன் நொச்சிப் பூ சூடுவான். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே பிரித்து வைத்திருக்கிறது. மாநகராட்சியில் யாரோ ஒரு புலவர் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு பொருத்தமான செடி எப்படி அகப்படும்? வெளியே வடிகாலில் லட்சோபலட்சம் படை. உள்ளே கையில் ஒரு கன்றோடு நானும் என் குடும்பமும். 'உன் மதிலை நீயே காத்துக்கொள்ளடா' என்பதை இதைவிட இலக்கியமாக எந்த அரசாவது சொல்லியிருக்கிறதா? அதை மாலை, சால்வை, ஒலிபெருக்கியோடு சொன்னார்கள். நானும் கைதட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நொச்சிக்குக் குணம் இல்லை என்று சொல்லவில்லை. அந்த இலையைக் கசக்கினால் வரும் நெடிக்குக் கொசு கொஞ்ச நேரம் விலகும். காய்ந்த இலையைப் போட்டு மூட்டம் போட்டால் புகைக்கு ஒதுங்கும். கிராமத்தில் மாட்டுக் கொட்டகையில் சாயங்காலம் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போட்டவர்களுக்கு இது தெரியும். அவர்கள் செடியை நட்டுவைத்துவிட்டுப் போய்த் தூங்கவில்லை. செடியில் தொங்கும் மிளகாய் யார் கண்ணையும் எரிப்பதில்லை. தொட்டியில் நிற்கும் நொச்சியும் அப்படித்தான். இலைக்குள் இருக்கும் எண்ணெய் இலைக்குள்தான் இருக்கும்.

நர்சரிக்காரர்களுக்கும் இது தெரியும். ஆனாலும் 'கொசு விரட்டிச் செடி' என்று அட்டை குத்திய ஜெரேனியம் வகைத் தொட்டி ஒன்று அமோகமாக விற்கிறது. எலுமிச்சை வாசம் அடிக்கும். வாசம் அடிப்பதோடு சரி. கனடாவில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள், கொசு அந்தச் செடியின் இலையிலேயே உட்கார்ந்து இளைப்பாறியதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் வெயில் சுடும் அல்லவா.

எதிர் வீட்டு மாமா இன்னொரு கட்சி. அவருடைய கைபேசிக்கு நாள்தோறும் ஒரு இயற்கை வைத்தியம் வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிக் கிராம்பைக் குத்தி ஜன்னலில் வைத்தார்; எறும்பு வந்தது. பூண்டை அரைத்துத் தொட்டிச் செடிகளுக்குத் தெளித்தார். பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் கற்பூரத்தைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். மூன்றாம் வாரம் அந்த டம்ளரிலேயே புழு நெளிந்தது. "கற்பூரம் ஒரிஜினல் இல்லை" என்றார். பக்தி என்றால் இதுதான். பிறகு வேப்பிலை மூட்டம். அதற்கு நான் மரியாதை கொடுப்பேன், ஆனால் மூன்றாம் மாடியில் மூட்டம் போட்டால் தீயணைப்பு வண்டிதான் வரும். கடைசியில் கொசுவத்திச் சுருளுக்கே திரும்பிவிட்டார். ஒரு சுருள் எரிந்து முடிப்பதற்குள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. மாமா சிகரெட்டைத் தொடாதவர். ஊதுபத்திக்கே தும்முவார்.

பூச்சியைச் சுட்டுக் கொல்லும் நீல விளக்கும் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் தொங்குகிறது. பட்பட் என்று சத்தம் கேட்டால் ஒரு எதிரி ஒழிந்தான் என்று சந்தோஷம். 1996இல் அமெரிக்காவின் டெலவேரில் இரண்டு ஆய்வாளர்கள் அந்த விளக்கில் செத்த பூச்சிகளைப் பொறுமையாக எண்ணினார்கள். 13,789. அவற்றில் ரத்தம் குடிக்கிற ஜாதி 31. மற்றதெல்லாம் எந்தப் பாவமும் அறியாத ஈசலும் அந்துப்பூச்சியும் வண்டும். குற்றவாளியை விட்டுவிட்டு வழியில் போகிறவனைப் பிடித்து உதைக்கும் இந்த முறை நம் ஊரில் ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்குக் காவல் நிலையங்களில் விசாரித்துக்கொள்ளலாம். அதைவிடக் கொசு பேட் யோக்கியமானது. சாயங்காலம் ஆறரைக்குத் தெருவே விம்பிள்டன். குறைந்தபட்சம் கைக்குப் பயிற்சி.

இவர்களைக் கேலி பண்ண எனக்கு அதிகாரம் இல்லை. அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிறார்கள், வெள்ளத்தில் போகிறவன் மாதிரி. எனக்கு எரிவது வேறு இடத்தில். 'இயற்கை முறை' என்ற சொல்லை அரசாங்கங்கள் கண்டுபிடித்த நேரம் பார்த்தீர்களா? வடிகாலுக்குப் பணம் ஒதுக்கி, அது எங்கோ வடிந்து போன பிறகுதான் இயற்கை ஞாபகம் வருகிறது. செலவில்லாத முறை என்கிறார்கள். யாருக்குச் செலவில்லை? தட்டைத் தேய்ப்பது என் மனைவி. டிரம்மைக் கவிழ்ப்பது என் மனைவி. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் அவள்தான்.

சரி, என் பங்குக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தட்டில் இருந்தது ஏடிஸ். டெங்குக் கொசு. அது சாக்கடையைத் திரும்பிப் பார்க்காது. நல்ல தண்ணீர்தான் வேண்டும், பகலில்தான் கடிக்கும், பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. ஆக, உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் தெருக்காரிதான். (கடிப்பது பெண் மட்டுமே, ஆண் கொசு பூந்தேன் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, "அதுலயும் அப்படித்தானா?" என்றாள் மனைவி.) முட்டையைத் தண்ணீரில் இடாமல், தண்ணீர் தொடும் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். பாத்திரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். மறுபடி நனைந்தால் பொரியும். ஏழிலிருந்து பத்து நாளில் இறக்கை முளைத்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒரு தரம் நார் போட்டு விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செலவில்லாத இயற்கை முறை என்று ஒன்று உண்டென்றால் இந்தத் தேங்காய் நார்தான். இதை எந்த மேடையிலும் யாரும் சொல்லவில்லை. தேங்காய் நாரைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்காதோ என்னவோ.

ஆனால் வீட்டில் இத்தனை டிரம், இத்தனை குடம், இத்தனை வாளி ஏன் நிற்கிறது என்று அந்த டார்ச் வெளிச்சம் கேட்பதில்லை. குழாயில் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது. அதுவும் விடியற்காலை நாலரைக்கு, முக்கால் மணி நேரம். வராத நாளில் லாரி. லாரி வரும் நேரம் டிரைவருக்கே தெரியாது. இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் எவனாவது வீட்டுக்குள் நீல டிரம் வைப்பானா? 'தண்ணீரைச் சேமியுங்கள்' என்று ஒரு சுவரிலும், 'தண்ணீரைத் தேக்காதீர்கள்' என்று அடுத்த சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயின்டர்.

இப்போது மாநகராட்சியின் பங்கு. ராத்திரி காதில் ரீங்காரம் பண்ணித் தூக்கத்தைக் கெடுப்பது ஏடிஸ் இல்லை, க்யூலக்ஸ். யானைக்கால் நோயைச் சுமந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகத் திரிந்த ஜாதி. அதற்கு வேண்டியது கழிவுத் தண்ணீர், அதுவும் ஓடாத கழிவுத் தண்ணீர். ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூடப் பறந்து வரும். என் வீட்டு நார் அதை என்ன செய்யும்? செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் பழைய கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், உள்ளே பிறப்பது வெளியே வராது. இதை நான் செய்திருக்கிறேன், நீங்களும் செய்யுங்கள். அதோடு என் எல்லை முடிந்தது. அதற்கு மேல் மழைநீர் வடிகால்.

அந்தப் பெயரில்தான் எத்தனை நகைச்சுவை. அதில் மழைநீரைத் தவிர எல்லாம் போகிறது. போகிறது என்று சொன்னது தப்பு, இருக்கிறது. வடிகால் என்றால் வடிய வேண்டும். வடிய வேண்டுமென்றால் வாட்டம் வேண்டும். நாலுக்கு ஆறு குளியலறைக்குத் தளம் போடும் கொத்தனார், ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, அது ஓட்டையைப் பார்த்து ஓடுகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கூலி கேட்பார். ஓடாவிட்டால் நாம் பெயர்த்துப் போடச் சொல்வோம். எங்கள் தெருவில் கோடிக்கணக்கில் டெண்டர் எடுத்தவர் கட்டிய வடிகாலில் தண்ணீர் கிழக்கே போவதா மேற்கே போவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. தெருவின் இந்தக் கோடியில் வடிகால் சாலையைவிட ஒரு சாண் உயரம்; அந்தக் கோடியில் இணைப்பே இல்லை, சுவர் வைத்து மூடியிருக்கிறது. நடுவில் யாரோ நாலு வீட்டுக்காரர்கள் கழிவுக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக இதில் செருகிவிட்டார்கள். என் அண்டை வீட்டார்தான். அவர்களும் கொசுவைப் பற்றி என்னோடு சேர்ந்து புலம்புகிறவர்கள்தான். அவர்களுக்கு இதுவரை நோட்டீஸ் வரவில்லை. எனக்குத் தட்டுக்கு வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாருவார்கள். கறுப்புச் சேற்றை அள்ளி, வடிகாலுக்குப் பக்கத்திலேயே வரிசையாகக் கூம்பு கூம்பாகக் குவிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று போட்டோ எடுப்பார். குவித்ததை அள்ளிக்கொண்டு போவது வேறு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் வருவதற்குள் மழை வந்துவிடும், சேறு தானாகவே வடிகாலுக்குள் திரும்பிப் போய்விடும். மறுசுழற்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு புகை. அமைச்சர் வருகிறார் என்றாலோ, தெருவில் ஒரு குழந்தை செத்துவிட்டது என்றாலோ புகை வண்டி வரும். டுர்ரென்று சத்தம், டீசல் நாற்றம், வெள்ளை மேகம், பின்னாலேயே ஓடும் பிள்ளைகள். நாங்கள் அவசர அவசரமாகக் கதவு ஜன்னலைச் சாத்துவோம். கொசு உள்ளே கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால். மருந்து வெளியே வீதியில். பறந்துகொண்டிருக்கிற கொசுமேல் பட்டால்தான் அது சாகும். புழுவுக்கும் முட்டைக்கும் அந்தப் புகை ஒன்றும் செய்யாது. நோய் பரவும் அவசர நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய ஆயுதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் புகை கண்ணுக்குத் தெரிகிறதே. வாட்டம் தெரியாது. ஓட்டு கேட்டு வருகிறவரிடம், "புகை அடிக்க ஏன் வரவில்லை?" என்றுதான் எங்கள் தெருவில் கேட்டார்கள். "வாட்டம் ஏன் இல்லை?" என்று கேட்டவர் ஒருவர். அவர் கொத்தனார்.

காய்ச்சல் வந்தால் தமிழ் கைகொடுக்கும். 'மர்மக் காய்ச்சல்' என்ற அற்புதமான சொல்லை நம் பத்திரிகைகளும் அதிகாரிகளும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். வைரஸ் தெரியும், கொசு தெரியும், அது பிறந்த டயரும் தெரியும். என்ன மர்மம்? மத்திய அரசின் கணக்குப்படி 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் செத்தார்கள். 2017இல் 23,294 பேர், 65 சாவு. கணக்கில் வந்தவர்கள் இவர்கள். 'மர்ம'த்தில் போனவர்களுக்குக் கணக்கு இல்லை.

அந்த 2017இல் தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர். கட்சிக்கு ஒரு அண்டா. ஒன்பது சரக்குச் சேர்ந்த நல்ல மருந்து, காய்ச்சலுக்கு நம் சித்த மருத்துவர்கள் கொடுத்து வந்தது. அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் நிலவேம்பைக் குடித்தவனைக் கொசு கடிக்காது என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிகிறவரை வினியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டபோது எழுந்த கூச்சல் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்ப் பண்பாடே சரிந்துவிட்ட மாதிரி கொதித்தார்கள். கஷாயத்துக்காகக் கொதித்த வாய்களில் பாதி சாக்கடைக்காகக் கொதித்திருந்தால், அண்டாவுக்கு வேலை இருந்திருக்காது.

இயற்கை என்று உண்மையிலேயே ஒன்று இருந்தது. ஏரி இருந்தது, குட்டை இருந்தது. அதில் கெண்டைக் குஞ்சு, தலைப்பிரட்டை, தவளை, தண்ணீர்ப் பூச்சிகள். எல்லாம் கொசுப் புழுவைத் தின்னும். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் புழுவைத் தின்னும், வளர்ந்த தட்டான் மேலே பறக்கும் கொசுவைத் தின்னும். சம்பளம் இல்லாத சுகாதாரத் துறை. உயிருள்ள குளத்தில் கொசுவுக்கு வாழ்க்கை கஷ்டம். நாலு பக்கமும் சிமென்டு பூசி, மூடி போட்டு, கழிவு ஊற்றிய பெட்டியில் மீன் இல்லை, தட்டான் இல்லை, பகையே இல்லை. இப்படி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைக் கொசு தானாகக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கொடுத்தார்கள், 1,247 ஹெக்டேருக்கு. அதற்கு முன் அதன்மேல் குப்பையைக் கொட்டியும் சாலை போட்டும் கட்டடம் எழுப்பியும் போனது எவ்வளவு என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலே தெரியும். தட்டான் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டு, எனக்கு ஒரு நொச்சிக் கன்று.

அப்புறம் கம்பூசியா. கொசுப் புழு தின்னும் மீன் என்று அமெரிக்காவிலிருந்து வந்தது. மூடிய கிணற்றில், தொட்டியில் விட்டால் வேலை செய்யும். நம் ஆட்கள் கிணற்றோடு நிறுத்துவார்களா? ஏரி குளத்திலும் விட்டார்கள். அது உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்றது. உலகத்தின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. இலவசமாகக் கொசு தின்றுகொண்டிருந்தவர்களை விரட்டிவிட்டு வெளியிலிருந்து ஒப்பந்தக்காரரைக் கொண்டுவருவது மீன் விஷயத்தில்கூட மாறவில்லை.

வழியே இல்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம் 1975 முதல் இருக்கிறது. பி.டி.ஐ. என்று ஒரு மண் பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அடையாளம் கண்டது. கொசுப் புழுவின் குடலைக் கெடுக்கும். மீனுக்கோ தட்டானுக்கோ மனிதனுக்கோ ஒன்றும் ஆகாது. புதுச்சேரியிலும் அந்த வகைக் கிருமியைக் கண்டெடுத்து வளர்த்திருக்கிறார்கள். இயற்கை முறை என்றால் இதைவிட இயற்கை எது? ஆனால் அதைத் தெளிக்க ஆள் வேண்டும், வாரா வாரம் வர வேண்டும், எங்கே புழு இருக்கிறது என்று வரைபடம் வேண்டும். மேடை போட்டுக் கொடுக்க முடியாது. செடி என்றால் ரிப்பன் கட்டலாம்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றைக் கீறி மலேரியாக் கிருமியைப் பார்த்தார். 1902இல் நோபல் வாங்கினார். கண்டுபிடிப்போடு சும்மா இருக்கவில்லை. ஆட்களை வைத்து ஊரில் தேங்கிய தண்ணீரை வடிப்பது எப்படி, கொசு ஒழிப்புப் படை அமைப்பது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினம். எங்கள் ஊரில் அன்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விடுவார்கள். ஊர்வலம் போகும் பாதையில் சிலாப் உடைந்த இடத்தில் மட்டும் ஒரு வாத்தியார் நின்றுகொண்டு, "பாத்து, பாத்து" என்று கையைப் பிடித்துத் தாண்டிவிடுவார்.

அபராதம் கட்ட வார்டு ஆபீசுக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்ததால் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றேன். அங்கே ஓட்டை உடைசலான பழைய குப்பைத் தொட்டிகள், வாய் மேலே பார்க்க, வரிசையாக. எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். கையில் டார்ச் இல்லை. தேவையும் இல்லை, நல்ல வெயில். ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். என் நிழல் பட்டதும் கீழே போனார்கள், கொஞ்ச நேரத்தில் மேலே வந்தார்கள். பழகிய முகங்கள். தொட்டிகளை எண்ணினேன். பதினான்கு. ஒன்றுக்கு 200 வீதம் 2,800 ரூபாய்.

கவுன்டரில் இருந்தவரிடம் ரசீதையும் பணத்தையும் நீட்டிவிட்டு, பின்பக்கக் கணக்கையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார்.

"அது கண்டெம் பண்ண ஐட்டம் சார். ஆடிட் முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"தண்ணியை மட்டும் கவுத்து விடலாமே?"

"கவுத்தா கை வெச்ச மாதிரிதானே சார்?"

வடிகாலைப் பற்றி மாநகராட்சி ஆப்பில் போட்ட புகாருக்கு அன்று சாயங்காலமே பதில் வந்திருந்தது: 'நடவடிக்கை எடுக்கப்பட்டது. புகார் முடித்து வைக்கப்பட்டது.' கூடவே ஒரு போட்டோ. சுத்தமான வடிகால், புது சிலாப், ஓரத்தில் ஒரு புங்கமரம். எங்கள் தெருவில் புங்கமரமே கிடையாது.

நொச்சி இப்போது என் தோள் உயரம் வளர்ந்துவிட்டது. அடித் தட்டை எடுத்தாயிற்று. நல்ல அடர்த்தியான, குளிர்ச்சியான நிழல். பகல் வேளையில் வடிகாலில் இருந்து வரும் கொசு அதன் இலைக்கு அடியில்தான் உட்கார்ந்து இளைப்பாறுகிறது.